வாங்கி வாங்கி வளர்ந்த வானொலிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அமெரிக்க வணிக வானொலியைப் பற்றி வெளியான சிறு குறிப்பில், "ஒரே ஒரு நிலையத்துடன் 1972இல் தொடங்கிய கிளியர் சேனல் நிறுவனம், முப்பது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1,200 நிலையங்களுக்கு உரிமையாளரானது" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரு நிறுவனம் வளர வேண்டுமானால் புதிய கிளைகளைத் திறப்பதுதானே வழக்கம்? வானொலிக்காரர்கள் மட்டும் ஏன் பிறருடைய நிலையங்களையே தேடித் தேடி வாங்குகிறார்கள்?

பதில்: புதிதாகத் திறக்க இடமில்லை என்பதுதான் காரணம். அமெரிக்காவில் பண்பலைக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, அதை 0.2 மெகாஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் மொத்தம் 100 தடங்கள் கிடைக்கும். அவற்றில் 92க்குக் கீழே உள்ள 20 தடங்கள் கல்வி நிறுவனங்கள் போன்ற வணிக நோக்கமற்றவர்களுக்கு உரியவை. மீதியுள்ள 80ஐயும் ஒரே நகரில் பயன்படுத்திவிட முடியாது. அடுத்தடுத்த தடங்களில் இரண்டு பெரிய நிலையங்கள் ஒலித்தால் ஒன்று மற்றொன்றின் ஒலியைக் குலைத்துவிடும் என்பதால், ஒரே ஊரின் முழு ஆற்றல் நிலையங்களுக்கிடையே பொதுவாக 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுகிறார்கள். ஆக, ஒரு பெருநகரில் வணிகப் பண்பலைக்கு ஏறத்தாழ இருபது இருக்கைகள்தான் உண்டு. அவையும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிரம்பிவிட்டன. நிரம்பிய பேருந்தில் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். எழுந்திருப்பவருக்குக் கொடுக்கப்படும் தொகையைத்தான் நாம் கையகப்படுத்தல் என்ற கனமான சொல்லால் குறிக்கிறோம்.

வாங்கும்போது கைமாறும் கோபுரமும் ஒலிபரப்புக் கருவிகளும் மொத்த விலையில் சிறு பகுதிதான். பெரும் பகுதி, அந்த அலைவரிசையில் பேசுவதற்கு அரசு தந்திருக்கும் உரிமத்துக்காகக் கொடுக்கப்படுவது.

கேள்வி: "கிளியர் சேனல்" என்ற பெயருக்கு என்ன பொருள்? தெளிவான ஒலி என்று விளம்பரப்படுத்திக்கொள்ள வைத்த பெயரா?

பதில்: இல்லை. அது மத்திய அலை ஒலிபரப்பில் வழங்கும் ஒரு தொழிற்சொல். இரவு நேரத்தில் மத்திய அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்ச் சேரும். அப்போது ஒரே அலைவரிசையில் பலர் ஒலித்தால் எல்லாம் இரைச்சலாகிவிடும் என்பதால், சில அலைவரிசைகளை மட்டும் இரவில் ஒரே ஒரு பெரிய நிலையத்துக்கென்று விட்டுவைத்தார்கள். அப்படி வழிவிடப்பட்ட அலைவரிசைக்குத்தான் அந்தப் பெயர். லோரி மேஸ் என்ற முதலீட்டு வங்கியாளரும், கார் விற்பனையில் பொருளீட்டிய ரெட் மெக்கோம்ஸும் 1972இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஒரு பண்பலை நிலையத்தை வாங்கினார்கள். 1975இல் அதே ஊரில், 1200 கிலோஹெர்ட்ஸில் 50 கிலோவாட் ஆற்றலுடன் ஒலித்துக்கொண்டிருந்த டபிள்யூ.ஓ.ஏ.ஐ. நிலையத்தை வாங்கினார்கள். அந்த இரண்டாவது நிலையத்தின் தகுதியே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று. இரண்டு நிறுவனர்களில் ஒருவர்கூட வானொலியில் பேசி வளர்ந்தவர் அல்லர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அது உதவும்.

கேள்வி: ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை வாங்கும்போது அமெரிக்கச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததா?

பதில்: சட்டம்தான் கதவைத் திறந்துவிட்டது. 1950களிலிருந்து மூன்று பத்தாண்டுகளுக்கு, ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் சேர்த்து 7 மத்திய அலை நிலையங்களும் 7 பண்பலை நிலையங்களும் மட்டுமே வைத்திருக்கலாம் என்ற விதி இருந்தது. 1980களின் நடுவில் அந்த ஏழு பன்னிரண்டாயிற்று. 1990களின் தொடக்கத்தில் பதினெட்டாகி, 1994இல் இருபதாயிற்று. ஒரு நகருக்குள் பண்பலையில் ஒன்று, மத்திய அலையில் ஒன்று என்றிருந்த கட்டுப்பாடும் 1992இல் தளர்ந்து, பெரிய நகரங்களில் இரண்டிரண்டு வைத்துக்கொள்ள வழி பிறந்தது. தளர்த்தியதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்த ஆண்டுகளில் நிலையங்களில் பெரும் பங்கு நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது; இரண்டு நிலையங்கள் செலவைப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டுமே பிழைக்கும் என்ற வாதத்தை, ஒலிபரப்பு உரிமங்களை வழங்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது. என் கணிப்பில் அந்த அளவில் அது நியாயமான வாதம்தான்.

அதன்பின் 1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட தொலைத்தொடர்புச் சட்டம், நாடு தழுவிய உச்சவரம்பை அடியோடு நீக்கியது. நகர அளவில் மட்டும் ஒரு வரம்பு எஞ்சியது: 45 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ள நகரில் ஒருவர் 8 வரை வைத்துக்கொள்ளலாம், அவற்றில் ஒரே வகையைச் சேர்ந்தவை ஐந்தைத் தாண்டக்கூடாது, நகரம் சிறுக்கச் சிறுக்க அந்த எண்ணிக்கையும் ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கும். தொலைபேசி நிறுவனங்களுக்கிடையே போட்டியை வளர்க்கவே அந்தச் சட்டம் என்று பேசப்பட்டது. வானொலியைப் பற்றிய சில பத்திகளை அன்று கவனித்தவர்கள் குறைவு. கவனித்தவர்கள் தரகர்களும் வங்கிகளும். அதற்கடுத்த ஆறு ஆண்டுகளில் வணிக நிலையங்களின் எண்ணிக்கை சற்றே கூடியபோதிலும், அவற்றின் உரிமையாளர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று ஆணையத்தின் ஆய்வே பின்னர் தெரிவித்தது.

சட்டத்துக்கு முன் சுமார் 40 வானொலி நிலையங்களை வைத்திருந்த கிளியர் சேனல், அதன்பின் நிலையங்களை ஒவ்வொன்றாக வாங்குவதை விட்டுவிட்டு, நிலையங்களை வாங்கிக் குவித்திருந்த நிறுவனங்களையே விழுங்கத் தொடங்கியது. 1999இல் சின்சினாட்டி வட்டாரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஜேகோர் குழுமம் வந்து சேர்ந்தது. 2000 ஆகஸ்டில் ஏ.எம்.எஃப்.எம். நிறுவனம் சேர்ந்தது, 1999 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, கடனையும் சேர்த்து அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 2,350 கோடி டாலர். அந்த ஏ.எம்.எஃப்.எம். நிறுவனமும் சான்சலர், கேப்ஸ்டார் என்ற இரண்டு குழுமங்கள் இணைந்து பிறந்ததுதான். சிறு மீனை விழுங்கிய மீன்களையெல்லாம் சேர்த்து விழுங்கியது பெரிய மீன். நகர வரம்பையும் ஏகபோகத் தடைச் சட்டத்தையும் மீறாமலிருக்க ஏறத்தாழ நூறு நிலையங்களை விற்க வேண்டியிருந்தது. விற்ற பிறகும் கையில் ஆயிரத்துக்கு மேல் இருந்தது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்காளர். நிலையத்துக்கு நிலையம் போட்டி போட்டு விலையை ஏற்றி வாங்கினால் லாபம் எங்கிருந்து வரும்? கணக்கோடு விளக்க முடியுமா?

பதில்: கணக்காளர் கேட்டதால் கணக்காகவே சொல்லிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை மட்டும் இந்தத் தொழிலில் உள்ளது.

ஒரு நிலையம், செலவு போக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கையில் நிற்கும்படி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வானொலி நிலையத்தின் விலையை இந்தத் தொகையின் மடங்காகத்தான் பேசுவார்கள். பன்னிரண்டு மடங்கு என்று விலை படிந்தால் 1 கோடியே 20 லட்சம் டாலர். வாங்குபவருக்கு அதே ஊரில் ஏற்கெனவே மூன்று நிலையங்கள் இருக்கின்றன. புதிய நிலையத்தைத் தம்முடைய கட்டடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறார். வாடகை போயிற்று, தனி மேலாளர், தனிக் கணக்குப் பிரிவு, தனிப் பொறியாளர் போயிற்று, செய்தியாளரும் போய்விட்டார். ஆண்டுக்கு 5 லட்சம் மிச்சம் என்றால் கையில் நிற்பது 15 லட்சம். இப்போது கொடுத்த விலை பன்னிரண்டு மடங்கு அன்று, எட்டு மடங்கு மட்டுமே. விற்றவர் நல்ல விலைக்கு விற்றதாக மகிழ்வார். வாங்கியவர் மலிவாக வாங்கியதாக மகிழ்வார். இருவர் கணக்கும் சரி. வேலை இழந்தவர்களை இந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

இதில் இரண்டாவது அடுக்கு ஒன்று உண்டு. பங்குச் சந்தை அந்தக் குழுமத்தையே பதினைந்து மடங்கு என்று மதிப்பிடுமானால், மேலே சொன்ன 15 லட்சம் சந்தையில் 2 கோடியே 25 லட்சமாகத் தெரியும். வாங்க வாங்கப் பங்கின் விலை ஏறும். ஏறிய பங்கையே பணமாகக் கொடுத்து அடுத்த நிறுவனத்தை வாங்கலாம். ஏ.எம்.எஃப்.எம். அப்படிப் பங்குக்குப் பங்கு மாற்றித்தான் வாங்கப்பட்டது. இந்த ஏணியில் ஏறுகிறவர் நடுவில் நிற்க முடியாது. வாங்குவதை நிறுத்தினால், பழைய நிலையங்கள் மட்டும் தாமாக எவ்வளவு வளர்கின்றன என்று சந்தை பார்க்கத் தொடங்கிவிடும்.

வருமானப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. ஒரே ஊரில் ஐந்தாறு நிலையங்களைக் கொத்தாக வைத்திருப்பவர், ஒன்றில் ராக், ஒன்றில் நாட்டுப்புறப் பாணி, ஒன்றில் பழைய பாடல்கள், ஒன்றில் விளையாட்டுப் பேச்சு என்று கேட்போரைப் பகுத்துக்கொள்வார். தம் நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வார். விளம்பரம் தர வருபவரிடம் ஒரே விற்பனையாளர் எல்லாவற்றையும் கட்டாக விற்பார். இந்தக் கொத்துகளை அமைப்பதற்காகவே, "அந்த ஊரில் உள்ள என் இரண்டை எடுத்துக்கொள், இந்த ஊரில் உள்ள உன் மூன்றைக் கொடு" என்று குழுமங்கள் தமக்குள் பண்டமாற்றும் செய்துகொண்டன. லோரி மேஸ் 2003இல் அளித்த ஒரு பேட்டியில், செய்தி தருவதோ நன்கு தேர்ந்த இசையைத் தருவதோ தங்கள் தொழிலன்று, விளம்பரதாரர்களின் பொருள்களை விற்பதே தங்கள் தொழில் என்ற பொருள்பட ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பலர் அதற்காக அவரைத் திட்டினார்கள். மேலே போட்ட கணக்கை வாய்விட்டுச் சொன்னவர் அவர். எனக்கு அதில் குறைந்தபட்ச நேர்மை தெரிகிறது.

கேள்வி: ஒரே அறிவிப்பாளர் ஒரே நேரத்தில் பல ஊர்களில் நேரலையில் பேசுவதாகப் படித்தேன். அது எப்படி முடியும்?

பதில்: நேரலையில் அல்ல. "வாய்ஸ் டிராக்கிங்" என்ற முறை அது. அறிவிப்பாளர் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்திருப்பார். எதிரில் திரை, அதில் தொலைவிலுள்ள ஓர் ஊரின் நிலையத்தில் நாளை பகல் நான்கு மணி நேரம் ஒலிக்கப்போகும் பாடல்களின் பட்டியல். ஒரு பாடலின் கடைசிச் சில நொடிகள் மட்டும் அவர் காதில் ஒலிக்கும். அது தேயும்போது பேசத் தொடங்குவார். அடுத்த பாடலின் முன்னிசை ஓடும், பாடகரின் குரல் எழும் இடத்துக்கு ஒரு நொடி முன்பு நிறுத்திக்கொள்வார். பாடல் முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. கணினி அடுத்த பாடலின் வாலுக்குத் தாவிவிடும். நான்கு மணி நேர நிகழ்ச்சியின் பேச்சு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் ஒரு குறிப்புத் தாள் இருக்கும்: அந்த ஊரின் முக்கியச் சாலைகளின் பெயர்கள், உள்ளூர் அணி நேற்று வென்றதா தோற்றதா, வார இறுதியில் என்ன விழா. ஊர்ப் பெயரைத் தவறாக உச்சரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் உச்சரிப்பையும் எழுதிவைப்பது உண்டு. முடித்ததும் அடுத்த ஊரின் தாளை எடுப்பார். கூர்ந்து கேட்பவருக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: இப்படிப் பேசுபவர் "இப்போது வெளியே மழை கொட்டுகிறது" என்று சொல்லவே மாட்டார்.

கேள்வி: ஒரு ரயில் விபத்தின்போது ஊரில் இருந்த வானொலிகள் எல்லாம் ஊமையாக இருந்தன என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: வடக்கு டக்கோட்டா மாநிலத்தின் மைனாட் நகரில் 2002 ஜனவரி 18 அன்று பின்னிரவில் நடந்ததைக் குறிப்பிடுகிறீர்கள். சரக்கு ரயில் தடம்புரண்டு, தொட்டி வண்டிகள் பிளந்து, நீரற்ற அம்மோனியா மேகமாக ஊருக்குள் பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஊரின் ஆறு வணிக நிலையங்களும் கிளியர் சேனலுக்குச் சொந்தமானவை. நெருக்கடி அறிவிப்புக்கென்று குறிக்கப்பட்ட நிலையத்தைக் காவல்துறை தொலைபேசியில் அழைத்தபோது பதில் கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. நிலையத்தில் ஆள் இருந்தார், பொதுமக்களின் அழைப்புகளால் இணைப்புகள் அடைபட்டிருந்தன, அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறையே சரியாக நிறுவி வைத்திருக்கவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கலாம். ஆனால் ஆறு நிலையங்களுக்கு ஆறு உரிமையாளர்கள் இருந்திருந்தால் அழைக்க ஆறு கதவுகள் இருந்திருக்கும் என்ற எளிய எண்ணத்தை அந்த விளக்கம் தொடவில்லை. உரிமை வரம்புகளை மேலும் தளர்த்தலாமா என்று 2003இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது மைனாட்டின் பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது.

கேள்வி: உரிமம் அரசுடையது என்றால், அதைத் தனியார் எப்படி விற்கிறார்கள்?

பதில்: உரிமத்தை மாற்றித் தருமாறு ஆணையத்திடம் இருவரும் விண்ணப்பிக்க வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு அவகாசம் உண்டு, ஒப்புதல் வந்த பிறகே கைமாறும். எட்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். காகிதத்தில் இது கடுமையான ஏற்பாடு. நடைமுறையில் மறுப்பு மிக அரிது.

கேள்வி: அவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் திவாலானது?

பதில்: நிலையங்கள் நட்டப்பட்டதால் அல்ல; பெரும்பாலானவை அப்போதும் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தன. பெய்ன் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ என்ற இரண்டு தனியார் முதலீட்டு நிறுவனங்கள் 2006 நவம்பரில் கிளியர் சேனலை வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. இவ்வகைக் கொள்முதலில் வாங்குபவர் தம் கையிலிருந்து சிறு பங்கையே போடுவார். மீதியைக் கடனாக வாங்கி, அந்தக் கடனை வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றிவிடுவார். இடையில் கடன் சந்தை இறுகியது, வங்கிகள் பின்வாங்கப் பார்த்தன, வழக்கு நடந்தது, பங்கு ஒன்றுக்கு 39.20 டாலர் என்றிருந்த விலை 36 ஆகக் குறைக்கப்பட்டது. கடைசியில் 2008 ஜூலை இறுதியில் ஒப்பந்தம் நிறைவேறியது. லேமன் பிரதர்ஸ் என்ற பெரும் முதலீட்டு வங்கி சரிந்தது அதற்கு ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து. விளம்பர வருமானம் வீழ்ந்தது, வட்டி வீழவில்லை. 2009 ஜனவரியில் ஒரே வீச்சில் சுமார் 1,850 பேர் வேலை இழந்தார்கள்.

நிறுவனம் 2014இல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, கடன் அப்படியே இருந்தது; 2018 மார்ச்சில், 2,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுடன் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கடன் கொடுத்தவர்கள் பங்குதாரர்களானார்கள். ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கடன் கழிக்கப்பட்டு 2019 மே மாதம் வெளியே வந்தது. இன்றும் அதனிடம் 850க்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. அதே வழியில் போன வானொலிக் குழுமங்கள் பல: டிஸ்னியிடமிருந்து ஏ.பி.சி. வானொலியை 2007இல் பெற்ற சிட்டடெல் 2009 டிசம்பரில் திவாலாயிற்று, மீண்டெழுந்த அதை 2011இல் வாங்கிய குமுலஸ் 2017 நவம்பரில் திவாலாயிற்று, 2017இல் சி.பி.எஸ். வானொலியோடு இணைந்த என்டர்காம், அடசி என்ற புதுப் பெயருடன் 2024 ஜனவரியில் நீதிமன்றப் படியேறியது. இணையமும் கைப்பேசியும் வானொலியைக் கொன்றுவிட்டன என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் விழுந்தது பெரியதாக எதையோ வாங்கிய பிறகுதான். சட்டம் நகருக்கு எத்தனை நிலையங்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. தலைக்கு எவ்வளவு கடன் என்று யாரும் எண்ணவில்லை.

கேள்வி: பிரிட்டனிலும் இப்படித்தானா?

பதில்: வேகத்தில் ஒற்றுமை உண்டு. குளோபல் என்ற வானொலி நிறுவனம் 2007இல் தோன்றியது. அந்த ஆண்டே கிரிசலிஸ் வானொலியை 17 கோடி பவுண்டுக்கும், மறு ஆண்டு அதைவிடப் பெரிய ஜிகேப் நிறுவனத்தை 37.5 கோடி பவுண்டுக்கும் வாங்கியது. 2012இல் கார்டியன் குழுமத்தின் வானொலிகளையும் வாங்கியபோது போட்டி ஆணையம் குறுக்கிட்டதால், 2014இல் சில நிலையங்களை விற்க நேர்ந்தது. விற்கப்பட்ட பிறகும் அவை குளோபலின் பெயர்களிலேயே, அதன் நிகழ்ச்சிகளையே வாங்கி ஒலிபரப்பின என்பது இதில் சுவையான செய்தி. அமெரிக்காவில் நிலையத்தின் பெயர் பெரும்பாலும் ஊரோடு ஒட்டியே இருந்தது; குளோபலோ ஊர்ப் பெயர்களைக் களைந்து, ஹார்ட், கேப்பிட்டல் என்ற ஒரே பலகையை நாடு முழுவதும் மாட்டியது. உள்ளூர் நேரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதியை, பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018இல் தளர்த்தியதும், 2019இல் உள்ளூர்க் காலை நிகழ்ச்சிகள் மறைந்து, லண்டனிலிருந்து ஒரு பெயருக்கு ஒரே காலை நிகழ்ச்சி என்று ஏறத்தாழ எல்லா ஊர்களுக்கும் சென்றது.

கேள்வி: கடன்பட்ட குழுமங்கள் நிலையங்களை விற்கும்போது அவை மறுபடி சிறு உரிமையாளர்கள் கைக்குத் திரும்புகின்றனவா?

பதில்: சிற்றூர்களில் சில திரும்பியிருக்கின்றன. பெருநகரங்களில் வாங்கும் வலிமை உள்ளவர் வேறு. திவாலிலிருந்து மீண்ட குமுலஸ், 2019இல் ஆறு நிலையங்களை 10.35 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியது எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன் என்ற கிறிஸ்தவ அறநிறுவனம். நேயர்களின் நன்கொடையில் இயங்கும் அது, கே-லவ் என்ற ஒரே இசை ஒலிபரப்பைச் செயற்கைக்கோள் வழியாகத் தன் நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு அனுப்புகிறது. விற்கப்பட்ட ஆறில் நியூயார்க்கின் 95.5இல் பல பத்தாண்டுகள் ஒலித்த டபிள்யூ.பி.எல்.ஜே.யும் ஒன்று. 2019 மே 31 அன்று மாலை அதன் அறிவிப்பாளர்கள் கடைசியாக விடைபெற்றார்கள். அதே அலைவரிசையில் இப்போது கே-லவ் ஒலிக்கிறது. விளம்பரம் கிடையாது, நியூயார்க்கின் போக்குவரத்துச் செய்தியும் கிடையாது.